சிம்மத்துக்கு எழுதிய பலன்

குடிலுக்கு வருகிற சீடர்களில் வைரவன்தான் வயதில் பெரியவர். குருவைவிடவும் பெரியவர். குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை, இவருக்கு நரைக்காத முடி ஒன்றுமில்லை. இருந்தாலும் மற்றவர்களைப் போல அவரும் குருவை அம்மா என்றுதான் அழைப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கலைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. குரு மதியச் சமையலுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஏதோ கேக்கணும்னு உக்காந்திருக்கீங்க.”

“கேக்க வாய் வரலம்மா.”

“அப்ப கீரை ஆயுங்க. வாய் தானா வரும்.”

ஒரு கட்டு முடிவதற்குள் வந்துவிட்டது.

வைரவன் நகராட்சி அலுவலகத்தில் வரிப் பிரிவு எழுத்தர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஓர் இணையதளத்துக்கு தினமும் ராசிபலன் எழுதுகிறார். கிடைப்பது கொஞ்சம்தான், மகளின் டியூஷனுக்கு ஆகிறது. அங்கே அவர் பெயர் ஜோதிட வித்தகர் கயிலைவாணர். வித்தகருக்கு ஜோதிடம் தெரியாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒவ்வொரு ராசிக்கும் லாபம், தடை, நன்மை என்று ஒரு சொல் போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லை இழுத்து நாலு வரி ஆக்கிவிடுவார். அதில் கெட்டிக்காரர்.

“போன மாசம் குடும்பத்தோட ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம். காலண்டர்ல தேதி கிழிக்கல. கவனிக்காம பழைய தாளைப் பாத்து, சிம்ம ராசிக்குச் சந்திராஷ்டமம்னு எழுதிட்டேன். அன்னைக்கு சிம்மத்துக்குச் சந்திராஷ்டமமே கிடையாது.”

“சரி.”

“சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகாதீங்க, பேச்சு முத்திச் சண்டையாகும்னு வேற சேத்தேன். அது காலண்டர்ல இல்ல. நானா சேத்தது.”

குரு கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“பக்கத்து சீட்டுல பூங்கோதைன்னு ஒருத்தங்க. தினமும் அந்தப் பலனைப் போன்ல படிச்சுட்டுத்தான் வேலையைத் தொடங்குவாங்க. எழுதறது நான்னு தெரியாது. அவங்க அண்ணன் மஸ்கட்லேர்ந்து வந்திருந்தார். பல வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவரே மனசு மாறி, திரும்பிக் கிளம்பற அன்னைக்கு, வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போன்னு கூப்பிட்டிருக்கார். இவங்க சிம்ம ராசி. போகல.”

“அண்ணன்?”

“இலையைப் போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் வாசலையே பாத்தாராம். அப்புறம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிட்டார். இப்ப அவருக்கு போன் பண்ணக்கூட இவங்களுக்குப் பயம்.”

வைரவன் கையிலிருந்த கீரைத் தண்டை ஒடித்தார். மறுபடியும் ஒடித்தார்.

“அதுகூடப் பரவாயில்லம்மா. கயிலைவாணர் மட்டும் சொல்லலன்னா அங்க போய்ச் சண்டையாகியிருக்கும், அவர் புண்ணியவான்னு என்கிட்டயே சொல்றாங்க. நான் ஆமான்னு தலையாட்டினேன்.”

சொல்லும்போதே அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அலுவலகத்தில் ஒரு பைசாவுக்குக்கூடக் கை நீட்டாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயரை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது.

“எழுதறதை விட்டுடட்டுமா?”

“விட்டா பூங்கோதைக்கு என்ன கிடைக்கும்?”

வைரவன் அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தார். 

“ஒரு யோசனை வச்சிருக்கேன். நாளைக்கு சிம்மத்துக்கு நல்லதா எழுதிடறேன், உடன்பிறந்தவங்ககிட்ட பேசச் சொல்லி. கயிலைவாணர் சொன்னா அவங்க கண்டிப்பா பேசுவாங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல.”

குரு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குடில் காலண்டரிலும் நேற்றைய தேதிதான் இருந்தது. அந்தத் தாளைக் கிழித்து, வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினார்.

“எழுதுங்க, பாப்போம்.”

எழுதுவதென்றால் வைரவனுக்குத் தயக்கமே கிடையாது. முழங்காலில் வைத்து மளமளவென்று எழுதிக் கொடுத்தார்.

‘சிம்மம்: உடன்பிறந்தவர் மனதில் கோபம் இல்லை. உங்கள் அழைப்புக்காகவே காத்திருக்கிறார். தயங்காமல் இன்றே பேசவும். விட்டுப்போன உறவு கூடிவரும்.’

குரு நிதானமாகப் படித்தார்.

“நல்லா எழுதறீங்க. விஷயத்துல ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்.”

வைரவன் முகத்தில் உயிர் வந்தது. “அப்ப இதையே போட்டுடலாமாம்மா?”

“போடலாம். மேல சிம்மம்னு இருக்கே, அதை மட்டும் அடிச்சுட்டு பூங்கோதைன்னு எழுதுங்க. கீழ எழுதினவர் பேரைப் போடுங்க. நாளைக்கு நீங்களே அவங்க கையில கொடுங்க.”

வைரவன் தாளை வாங்கினார். சிம்மத்தை அடித்தார். பூங்கோதை என்று எழுதினார். கீழே வந்தபோது வெகுநேரம் பேனா நின்றது. பிறகு, பழக்கமோ பயமோ, கை ‘ஜோதிட’ என்று தொடங்கிவிட்டது.

“அவரை விடுங்க, பாவம்” என்றார் குரு. “அவர் என்ன பண்ணார்?”