தேனீ சொல்லாமல் விட்ட தீவு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். சைப்ரஸில் வீட்டு வேலை பார்த்தபோது அந்த்ரூலா மேடம் பக்லவா என்கிற தேன் பலகாரம் செய்துகொண்டே சொன்னது. அவர் பேச்சில் பாதிதான் எனக்குப் புரியும். புரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் தேனீக்களுக்குப் பேச்சு வரும். கடலோர ஊர் ஒன்றில் தெஸ்பினா என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் லூக்காஸ் கடலில் மூழ்கி, உடம்பு தேய்த்துக் குளிக்கிற கடற்பஞ்சு எடுப்பவன். கிளம்பினால் கோடை முழுக்கத் திரும்பமாட்டான். அவனுடைய சேதியை ஒரு தேனீதான் கொண்டுவரும். உன் புருஷன் தூக்கத்தில்கூட உன் பக்லவாவைத்தான் மெல்லுகிறான் என்று அது கேலி செய்யும். போடி வாயாடி என்பாள் தெஸ்பினா. பிறகு அதையே இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

ஒரு வருஷம் கோடை முடிந்தும் படகு வரவில்லை. தேனீயும் வரவில்லை. தெஸ்பினா வாரம் ஒரு தட்டு பக்லவா செய்தாள். மாவைக் கை தெரியும் அளவுக்கு மெல்லிசாக இழுத்து, அடுக்கடுக்காக வெண்ணெய் தடவி, நடுவில் வால்நட் பருப்பைப் பொடித்துத் தூவி, கத்தியால் கீறி, அடுப்பில் வைப்பாள். தான் ஒரு துண்டும் தின்னமாட்டாள். வாரக் கடைசியில் அது பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும்.

ஒரு நாள் தட்டை வெளியே எடுத்த சமயம், தேனீ சன்னலில் வந்து விழுந்தது. சிறகு கிழிந்திருந்தது.

"இருக்கிறான், தெஸ்பினா. படகு உடைந்து ஒரு தீவில் கிடக்கிறான். தண்ணீர் மூன்று நாளைக்குத்தான் வரும். உடனே ஆள் அனுப்பச் சொன்னான். அந்தத் தீவு..."

"இரு, இரு. வாயைத் திறக்காதே," என்றாள் தெஸ்பினா.

அந்த ஊர் வழக்கம் அப்படி. சேதி கொண்டுவந்தவர் நாக்கில் இனிப்பு பட்ட பிறகுதான் மிச்சத்தைக் கேட்க வேண்டும். வெறும் வாயால் சொன்ன நல்ல சேதி கெட்டுப்போகும் என்று எல்லோருக்கும் பயம். இத்தனை நாள் காத்திருந்த சேதி, ஆறவைக்க அவளுக்குப் பொறுமை இல்லை. பக்லவாமேல் ஊற்ற அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேன்பாகைக் கரண்டியால் அள்ளி நீட்டினாள். களைத்துப்போயிருந்த தேனீ யோசிக்காமல் நாக்கை வைத்தது.

நாக்கு வெந்துபோயிற்று.

தெஸ்பினா தீவுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதுவா, இதுவா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தேனீயிடமிருந்து ம்ம்ம் என்ற ஒரே சத்தம்தான் வந்தது. பறந்து வழி காட்டவும் அதற்குச் சிறகு இல்லை.

ஊரில் இருந்த படகெல்லாம் கிளம்பின. மூன்று நாளும் தெஸ்பினா ஒவ்வொரு தீவிலும் இறங்கி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான்காம் நாளும் கூப்பிட்டாள். லூக்காஸ் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவள் தேனீயைத் திட்டவில்லை. அதன் நாக்கு ஆறும், ஒரு நாள் அந்தப் பெயரைச் சொல்லும் என்று காத்திருந்தாள். வாரம் ஒரு தட்டு செய்வதையும் விடவில்லை. ஆனால் தேன்பாகை மட்டும் காலையிலேயே காய்ச்சி, துணி போட்டு மூடி, சன்னலில் ஆறவைத்தாள்.

அன்று முதல்தான் தேனீக்கள் பேச்சை விட்டு ரீங்காரம் செய்கின்றன. அந்தக் கரையில் பக்லவா எவ்வளவு சூடாக இருந்தாலும், ஆறிய தேன்பாகில் ஒரு சொட்டைத் தங்கள் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே பெண்கள் அதன்மேல் ஊற்றுகிறார்கள்.