நிமிர்ந்து நிற்காத பொடுதலை

குளக்கரைச் சரிவில் ஓர் அரணை பொடுதலை வளர்த்து வந்தது. ஒரு துண்டுக் கொடியை வாயில் கவ்வி வந்து ஈரமண்ணில் ஊன்றியதுதான் தொடக்கம். அது கணுவுக்குக் கணு வேர்விட்டு, தரையோடு தரையாகப் படர்ந்தது. கோடையிலும் பச்சை மாறவில்லை. பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, குளிர்ச்சிக்குத் தவளைகள் வந்தன. அரணை அதன் அடியில் முட்டையிட்டு நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் அந்த வழியாக மயில் வந்தது. காட்டை ஒழுங்காக வைக்கத் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அதன் எண்ணம். கொடியை உற்றுப் பார்த்துவிட்டு, "பாவம், காய்ச்சலில் படுத்துவிட்டது" என்றது.

அது படரும் செடி, படுத்துத்தான் இருக்கும் என்று அரணை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. மயில் கேட்கவில்லை. கொக்கை வைத்தியராக அழைத்து வந்தது. கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்து, நோயாளியை நிமிர்த்தி நிறுத்தினால் சரியாகிவிடும் என்றது. உடனே இருவரும் கொடிகளை மண்ணிலிருந்து பிய்த்து, குச்சி நட்டு, நாரால் கட்டத் தொடங்கினார்கள். உச்சி வெயிலுக்குள் பாதிக் கொடி நின்றுவிட்டது. நின்றதெல்லாம் வாடியும்விட்டது.

வெயில் முட்டைகளை நெருங்கிவிட்டது. இனி அழுது பயனில்லை என்று அரணைக்குத் தெரிந்தது.

"மயிலாரே, இது சின்ன நோயாளி. அந்தப் புளியமரத்தடியில் பெரியவர் ஒருவர் நெடுநாளாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். முதலில் அவரைக் காப்பாற்றுங்கள்" என்றது.

மயிலுக்கு மனம் இளகியது. குச்சிகளை அள்ளிக்கொண்டு கொக்கோடு ஓடியது. அங்கே ஒரு பன்றியை விழுங்கிவிட்டு மலைப்பாம்பு கிடந்தது. கொக்கு, தனக்கு வேறொரு நோயாளி காத்திருப்பதாகச் சொல்லிப் பறந்துவிட்டது. மயில் மட்டும் பாம்பைத் தட்டி, எழுந்து நிற்கும்படி கனிவாகக் கேட்டுக்கொண்டது.

பாம்பு மெல்லத் தலையைத் தூக்கியது. "நிற்கலாம். ஆனால் என் கனத்தை இந்தக் குச்சிகள் தாங்காது. நீயே கம்பாக நில்" என்று சொல்லி, மயிலைச் சுற்றிக்கொண்டு ஏறத் தொடங்கியது.

மயிலுக்கு மூச்சு முட்டியது. "ஐயா, உங்களுக்குப் படுத்திருப்பதுதான் அழகு" என்று திணறியது.

"பார்த்ததுமே அதைச் சொல்லியிருக்கலாமே" என்றது பாம்பு. வயிறு நிறைந்திருந்ததால் பிடியை விட்டது.

மயில் பாதித் தோகையோடு குளக்கரைக்குத் திரும்பி, கட்டுகளை அவிழ்த்தது. அரணை கொடிகளைத் தரையில் படுக்கவைத்து மண் அணைத்தது. அடுத்த மழையில் அவை மறுபடி வேர்பிடித்தன. அவற்றின் அடியிலிருந்து குட்டி அரணைகள் எட்டிப் பார்த்தன.

பிறருடைய இயல்பை நோயென்று எண்ணித் திருத்தப் போகிறவர், உதவி என்ற பெயரில் தீங்கே செய்கிறார்.