ஆட்காட்டி மேல் கீரி கொடுத்த புகார்

மருதமரக் குளத்தில் நீர்க்கோழிகள் முட்டையிட்டிருந்த காலம். கரையில் காவல் நின்றது ஓர் ஆட்காட்டிக் குருவி. யார் பதுங்கி வந்தாலும் கத்திக் குளத்தையே கூட்டிவிடும். அதற்குத்தானே அதைக் காவலுக்கு வைத்தார்கள்!

கீரிக்கு இது பெரிய தொல்லையாகப் போயிற்று. முட்டை வாசனை மூக்கைத் துளைக்கிறது. எப்போதோ ஒரு முறை தவிர, கிட்டப் போனாலே குருவி கத்துகிறது. ‘இதைக் கிளப்பினால்தான் நமக்குச் சாப்பாடு’ என்று நினைத்தது. நேரே குளத்தின் தலைவியான யானையிடம் போய்க் கண்ணைக் கசக்கியது.

“தாயே, இங்கே வேலியே பயிரை மேய்கிறது. நேற்றுக் காணாமல் போன நீர்க்கோழி முட்டையை ஆட்காட்டிதான் தின்றது. என் கண்ணாலேயே பார்த்தேன்!”

நீர்க்கோழிகள் பதறிப் போயின. முட்டை திருடினால் குளத்தை விட்டே விரட்டுவது அங்கே சட்டம்.

ஆட்காட்டியோ கரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, தன் முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. அதை விரட்டினால் அந்த முட்டைகள் வெயிலில் வெந்து போகும். அது எழுந்திருக்கவில்லை.

“நான் தின்னவில்லை. விசாரியுங்கள். விசாரிக்காமல் ஓரடி நகர மாட்டேன்” என்றது.

யானை கீரியிடம் கேட்டது: “எங்கே வைத்துத் தின்றது?”

“அதோ, அந்த மருதக் கிளையில் உட்கார்ந்து, ஆற அமரத் தின்றது!”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா?

யானை நகர்ந்து வந்து முட்டைகளுக்கு நிழலாக நின்றது. “குருவி, நீ போய் அந்தக் கிளையில் உட்கார்.”

ஆட்காட்டி பறந்து போய்க் கிளையில் கால் வைத்தது. சறுக்கியது. சிறகடித்து மறுபடி வைத்தது. மறுபடியும் சறுக்கிக் கீழே வந்தது. கிளையைப் பற்றப் பின்விரல் வேண்டும். ஆட்காட்டிக்கு அது பெயருக்குத்தான் உண்டு. தரையில் ஓடித் திரிகிற பறவை அது.

கீரி பல்லை இளித்தது. “ஆள் மாறிப் போயிருக்கும், தாயே. புகார்தானே கொடுத்தேன், கொலையா செய்தேன்? விட்டுவிடுங்கள்.”

“விட முடியாது. தவறிப் பார்த்திருந்தால் விட்டிருப்பேன். தினமும் உன்னைப் பார்த்துக் கத்துகிற குருவியை உனக்கு அடையாளம் தெரியாதா? நீ பார்க்காததைப் பார்த்தேன் என்றாய். குருவிக்கு எந்தத் தண்டனை கிடைக்கும் என்று நினைத்தாயோ, அதுவே உனக்கு. இந்தக் கரையில் இனி உன் கால் படக் கூடாது.”

ஒரு நீர்க்கோழி தயங்கித் தயங்கிக் கேட்டது: “அம்மா, நாளைக்குக் காவலே தப்புச் செய்தால் நாங்கள் வாய் திறக்கலாமா?”

“தாராளமாகத் திற. நீ சொன்னது தவறாகப் போனாலும் உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். தெரிந்தே புளுகினால்தான் தண்டனை.”

கீரி வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. காணாமல் போன முட்டை யார் வயிற்றில் போயிற்று என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆட்காட்டி தன் முட்டைகள்மேல் போய் உட்கார்ந்தது. கீரி புதரைத் தாண்டி மறையும்வரை விடாமல் கத்தியது.

காவலர் தப்புச் செய்தால் தட்டிக் கேட்க வேண்டும். செய்யாத தப்பை அவர் தலையில் கட்டுகிறவன், அந்தத் தப்புக்கான தண்டனையைத் தானே சுமக்க வேண்டும்.