கரடி போட்ட கொன்றைக்காடு

ஒரு ஊர்ல ஒரு மொட்டை மலை. ம் சொல்லு. ம்ம்ம்.

அது முன்னாடி நல்ல காடுதான். கோடையில இலையெல்லாம் உதிர்ந்து காஞ்சு கிடந்தப்போ எவனோ பீடியைத் தூக்கிப் போட்டுட்டான். சடசடசடன்னு மொத்தமும் எரிஞ்சுபோச்சு. அப்புறம் மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சு ஓடும், ஓடையில தண்ணி நிக்காது. அடிவாரத்துல இருந்த மாதியும் அவ புருஷன் கேத்தனும் குடிக்கிற தண்ணிக்கே அலைஞ்சாங்க.

அப்போ மாதி சொன்னா, "ஏனுங்க, நாமளே கொன்றை விதை போட்டு காட்டைத் திருப்பிக் கொண்டாந்திரலாம்."

கொன்றைக்காய் தெரியுமில்ல? கறுப்பா, உன் கை நீளத்துக்குத் தொங்கும். ஆட்டினா கலகலங்கும். பக்கத்துக் காட்டுல போய்ப் பொறுக்கி, விதையை எடுத்து ஊனினாங்க. மழையும் பெஞ்சுது. ஒண்ணும் முளைக்கல. விதை கல்லாட்டம் கெட்டி!

அப்புறம் மறு வருஷம், "சூடு பத்தலையோ"ன்னு மாதி விதையைக் கூடையில கொட்டி, "உக்காருங்க"ன்னா. கேத்தன் கோழி மாதிரி அடைகாத்தான். கொக்கொக்குன்னுகூட சொல்லிப் பாத்தான். விதை வெடிக்கல, அவனுக்குத்தான் பின்னாடி தடிச்சுப்போச்சு. சிரிக்காத, பாவம்.

மூணாவது தடவை, மூட்டை மூட்டையா காய் சேத்து வாசல்ல வெச்சாங்க. அப்போ பக்கத்துக் காட்டுலேருந்து ஒரு கரடி வந்துச்சு. உர்ர்ர்! சப்பு சப்பு சப்பு! காய்க்குள்ள கறுப்பா இனிப்பா இருக்கும், கரடிக்கு அதுன்னா உயிரு. ரெண்டு பேரும் கதவிடுக்குல நடுங்கிட்டே பாத்தாங்க. அத்தனையும் காலி.

"ஐயோ, கோடை முழுக்கப் பொறுக்கினதாச்சே!"ன்னு மாதி அழுதுட்டா.

ஆனா கொன்றைக்காயை அவ்ளோ தின்னா வயிறு சும்மா இருக்குமா? குடுகுடுகுடு! கரடி மொட்டை மலை மேல ஓடுச்சு. இங்க பொதக்! அங்க பொதக்! பாறைக்குப் பின்னாடி வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு பொதக்!

அப்புறம் மழை பெஞ்சுது. மாதி மேல போய்ப் பாத்தா, கரடி போட்டு வெச்ச இடத்துலெல்லாம் பச்சைப் பச்சையா கொன்றைக் கன்னு! கரடி வயித்துக்குள்ள போய் வந்ததுல விதையோட கெட்டித் தோல் இளகியிருச்சு.

"ஏனுங்க, ஓடி வாங்க!"

கேத்தன் ஓடி வந்தான். வழுக்கி, சளக்குனு விழுந்தான்.

"கன்னு! கன்னு! கன்னு மேல விழாதீங்க!"ன்னு மாதி கத்தினா. புருஷனைத் தூக்கணும்னு தோணவே இல்ல அவளுக்கு.

மறு கோடையில கேத்தனே காயைக் குவிச்சு வெச்சுட்டு, கதவிடுக்குல நின்னு கும்பிட்டான்.

"கரடியண்ணே, வயிறு முட்ட சாப்பிடுங்க. கெழக்குப் பக்கம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. கொஞ்சம் அந்தப் பக்கமாப் போயிட்டு வாங்க."

கரடியும் போயிருச்சு, கதையும் ஆயிருச்சு. என்ன, ம் காணோம்? தூங்கு தங்கம்.