எலுமிச்சைத் தோப்பில் இரண்டு படைகள்

முன்னொரு காலத்தில், எந்த வரைபடக்காரரும் இதுவரை ஒப்புக்கொள்ளாத கொடிவாய் நாட்டை வல்லபராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். எலுமிச்சம்பழச் சோறு இல்லாத நாளில் அவனிடம் நீதியும் கிடைக்காது, சிரிப்பும் கிடைக்காது. ஆகவே அரண்மனை எலுமிச்சைத் தோப்பில் தளிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பற்றியபோது நாடே நடுங்கியது.

தோப்பைப் பார்த்துக்கொண்ட மாரக்காள் பொறிவண்டுகளைப் பிடித்து வந்து மரங்களில் விட்டாள். அவை அசுவினியைத் தின்னத் தின்னத் தளிர்கள் நிமிர்ந்தன. அரசன் அவளைச் சபையில் புகழ்ந்தான். அவைப் பண்டிதர் சடைநாதருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, ஒரு படை போதுமா? மாந்தோப்பைக் காக்கும் முசுறு எறும்புகளையும் இங்கே விடுவோம். இரண்டு படை, இரட்டை வெற்றி!"

"வேண்டாம் சாமி, ரெண்டுக்கும் ஒத்துவராது" என்றாள் மாரக்காள்.

"பூச்சிகளுக்குள் பகை உண்டென்று எந்த நூலில் படித்தாய்?"

சபை சிரித்தது. முசுறுகள் வந்தன.

பத்தே நாளில் பொறிவண்டுகளைக் காணோம். அசுவினி முன்னைவிடப் பெருகிவிட்டது.

"இவளுடைய வண்டுகள் ஓடிவிட்டன. கோழைப் படை!" என்றார் பண்டிதர்.

பசியிலிருந்த அரசன் மாரக்காளிடம், "நாளைக்குள் காரணம் காட்டு. இல்லையேல் நாட்டைவிட்டுப் போ" என்றான்.

மறுநாள் அவள், முசுறும் அசுவினியும் மொய்த்த கிளையொன்றை, எறும்புகள் இறங்கி ஓடாதபடி தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவில் நிறுத்திச் சபைக்குக் கொண்டுவந்தாள். தேடிப் பிடித்த ஒரு பொறிவண்டும் அவள் கையில் இருந்தது.

"பண்டிதரே, இந்த வண்டை நீங்களே கிளையில விடுங்க. நான் விட்டா மந்திரம் போட்டேன்னு சொல்வீங்க."

பண்டிதர் விட்டார். நாலு முசுறுகள் பாய்ந்து வண்டின் காலை இழுத்தன. அது தப்பிப் பறந்து அரசனின் தோளில் அடைக்கலம் புகுந்தது. ஐந்தாவது முசுறு பண்டிதரின் விரலைக் கவ்வியது.

"ஐயோ!"

அரசன் கிளையருகே குனிந்தான். ஒரு முசுறு அசுவினியை மெல்லத் தடவி, அது விட்ட இனிப்புத் துளியைக் குடித்தது.

"அடப்பாவி! நம் படை எதிரியைக் கொஞ்சுகிறதே!"

"தித்திப்பு குடுக்கிறவனை யாரு கடிப்பா மகாராஜா? அசுவினிக்குத்தான் இவங்க காவல். வண்டு கிட்ட வந்தா விரட்டுறாங்க."

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். முசுறுக் கூடுகள் அத்தனையையும் பண்டிதரே தம் கையால் மாந்தோப்பில் கொண்டுபோய் விட வேண்டுமென்று ஆணையிட்டான்.

"தோப்பு இனி உனக்கே சொந்தம். அவையிலும் பண்டிதருக்குப் பக்கத்தில் ஓர் ஆசனம் தருகிறேன்" என்றான் அரசன்.

வீங்கிய விரலை ஊதிக்கொண்டிருந்த பண்டிதரைப் பார்த்துவிட்டு அவள் கைகூப்பினாள்.

"தோப்பு போதும் மகாராஜா. எங்க ரெண்டு பேரையும் ஒரே கிளையில விட்டுடாதீங்க."