துரைசானி கேட்ட டிங்கிள்

கொம்படிக்கோட்டை அரண்மனைக்கு உப்பு முதல் யானை வரை பேரம் பேசி வாங்கிப் போடுகிறவன் நான். பெயர் ஒச்சப்பன். எனக்கு இருக்கும் சொத்து இரண்டே. ஒன்று வாய், இன்னொன்று கோபம். இரண்டும் சேர்ந்தே கிளம்பும் என்பதுதான் தொல்லை.

கும்பினி ஆண்ட காலம் அது. கலெக்டர் துரையின் சம்சாரம் மகாராஜாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அரண்மனையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் துபாஷி தாண்டவராயர் ஒருவர்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"துரைசானிக்கு ஜன்னலில் கட்டித் தொங்கவிட, 'டிங்கிள்' என்று ஒலிக்கிற பொருள் ஒன்று வேண்டுமாம். டிங்கிள் என்றால் மணியோசை, மகாராஜா. நம் யானை மணியையே அனுப்புவோம். சமஸ்தானத்தின் பெருமை தெரியட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

"யோவ் ராயரே! அதைக் கட்டினால் ஜன்னலே கழன்று விழும். டிங்கிள் என்றால் சன்னமான சத்தமய்யா!"

"வாரும் பண்டிதரே! எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்?"

பள்ளிக்கூடமா? துறைமுகத்தில் கண்ணாடிச் சாமான் விற்றவன் நான். ஒரு வெள்ளைக்காரி கிண்ணத்தை நகத்தால் தட்டி, "டிங்கிள்" என்று சிரித்தாள். பிறகு பாதி விலைக்குக் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் ஓங்கி அடித்தேன். அப்போது அவள் சொன்ன சொல் டிங்கிள் இல்லை. அதை இங்கே எழுத முடியாது. என் இங்கிலீஷ் படிப்பு அத்தோடு முடிந்தது.

மகாராஜா கையை உயர்த்தினார்.

"ஒச்சப்பா, எனக்கு இங்கிலீஷும் வேண்டாம், உன் விளக்கமும் வேண்டாம். எந்தச் சத்தம் டிங்கிள், எது இல்லை என்று என் காதுக்கே தெரிய வேண்டும். நாளைச் சாயங்காலத்துக்குள் காட்டு. இல்லாவிட்டால் உன் வேலை ராயரின் மைத்துனனுக்கு!"

மறுநாள் மத்தியானம் மகாராஜா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அந்தத் தூக்கத்தைக் கலைத்தவனுக்கு ஊரில் இடமில்லை என்பது அரண்மனைச் சட்டம். எனக்குத் தேவைப்பட்டதும் அந்தத் தூக்கம்தான். ராயரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு பூனைபோல உள்ளே போனேன்.

மகாராஜாவின் காதருகே கண்ணாடி வளையல்களைக் குலுக்கினேன். அசையவில்லை. வெள்ளித் தம்ளருக்குள் கரண்டியை ஆட்டினேன். குறட்டை. ஆட்டுக்குட்டியின் கழுத்து மணியை ஆட்டினேன். இன்னும் நல்ல குறட்டை. சாவிக்கொத்துக்குப் புரண்டு படுத்தார், அவ்வளவுதான்.

கடைசியாக யானை மணி. இரண்டு பேர் அதைக் கம்பில் கோத்துத் தூக்கி வந்து நின்றார்கள்.

"ராயரே, இது உம்முடைய டிங்கிள். அடியும்," என்றேன் மெதுவாக.

"நானா? நிரூபிக்க வேண்டியவன் நீ. நீயே அடி."

"மணி உம்முடையது."

"வேலை உன்னுடையது."

"முழு அடி வேண்டாம். பாதி அடி?"

"கால் அடிகூட மாட்டேன்."

அரைக்காலில் படிந்துவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"அடியுமய்யா!" என்று கத்திவிட்டேன்.

மகாராஜா கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். "எவன்டா அவன்?"

ராயரின் விரல் ஏற்கெனவே என்னைக் காட்டிக்கொண்டிருந்தது. மணியை யாரும் தொடக்கூட இல்லை. பாடுபட்டுப் போட்ட திட்டத்தை என் வாயே கெடுத்துவிட்டது. காலில் விழுந்தேன். விழுகிற நேரத்துக்குள் யோசனை வந்தது.

"மகாராஜா! வளையல், கரண்டி, ஆட்டுமணி, சாவிக்கொத்து, நாலும் தங்கள் காதருகே ஒலித்தன. ராயரே சாட்சி. தாங்கள் எழவில்லை. அதெல்லாம் டிங்கிள்."

"என்னை எழுப்பியது?"

"அடியேன் தொண்டை. அது டிங்கிள் இல்லை."

"அப்படியானால் யானை மணி?"

"அது என் தொண்டையைவிடப் பெரிய சத்தம், மகாராஜா."

"அது சந்தேகம்தான்," என்று ராயர் முணுமுணுத்தார்.

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். துரைசானிக்கு ஆட்டுமணிச் சரம் போனது. என் வேலை என்னிடமே நின்றது. மேற்கொண்டு ஒரு சின்ன வெள்ளி மணியும் பரிசாகக் கிடைத்தது.

"சபையில் கோபம் வந்தால் இனி வாயைத் திறக்காதே. இதை ஆட்டு," என்றார்.

ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று ராயர் போய்ப் புகார் சொல்லியிருக்கிறார்: "மகாராஜா, ஒச்சப்பன் ஆட்டுகிற ஆட்டில் அது டிங்கிளாக இல்லை!"