பீடி இலை வைத்த சிம்

"வாத்தியாரம்மா, எனக்கு எப்ப வேலை சொல்லித் தருவிய?" என்று கேட்டார் தேவசகாயம்.

"தந்துக்கிட்டுத்தான இருக்கேன் அண்ணாச்சி."

"தூசி தட்டுததுக்குப் பேரு வேலையா? ஆடியில சேந்தேன். தை பொறந்துட்டு. ஈயம் உருக்குத அந்த சால்டரிங் அயர்ன்ல இன்னும் என் விரலு படல."

ஜைனம்பு தூசி தட்டும் பிரஷ்ஷை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

வாத்தியாருக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. முக்கூடல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் கடை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும்.

தேவசகாயம் டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கொட்டும் மழையில் கம்பம் ஏறி, அறுந்த லைனை இழுத்துக் கட்டிய கை. ஊரிலிருந்த கடைசிக் கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகு அந்தக் கை வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்றது. இவளிடம் வந்து சேர்ந்தார்.

யார் போன் கொண்டுவந்தாலும் ஜைனம்பு அவரிடம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"கோளாறு என்ன அண்ணாச்சி?"

"பேட்டரி" என்பார். "சார்ஜிங் பின்" என்பார். சொன்னது சரியாகத்தான் இருக்கும். அவள் தலையை ஆட்டிவிட்டுப் பிரஷ்ஷை நீட்டுவாள். மனுஷனுக்குக் கோபம் வருமா, வராதா?

அன்று மத்தியானம் முதலில் புகையிலை வாசனை வந்தது. பின்னாலேயே மாடத்தி வந்தாள். பீடி சுற்றுகிறவள். ஐம்பது தாண்டியிருக்கும். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சிம்மு போடுத எடம் ஒடஞ்சு போச்சு தாயி. சீக்கிரம் பாரு."

ஜைனம்பு போனைத் தொடவில்லை.

"கோளாறு என்ன அண்ணாச்சி?"

தேவசகாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்மூடியைக் கழற்றினார். சிம் இருந்த இடத்திலிருந்து பழுப்பு நிறத்தில் என்னவோ பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இது என்னம்மா?"

"பீடி இலை."

"சிம்முக்குள்ள பீடி இலை எதுக்கு?"

"சிம்மு லூசா கெடக்கும். இலைய நறுக்கி மடிச்சு அடியில குடுத்தா கப்புன்னு பிடிச்சுக்கிடும். ரொம்ப வருசமா அப்படித்தான். இன்னைக்குக் காலைல புது இலை வச்சேன், சிக்கிக்கிட்டு. ஊக்க விட்டு நெம்புனேன்."

"நெம்புனியளா? உள்ள ஒரு பின்னு முறிஞ்சு போச்சு, ரெண்டு வளைஞ்சு கெடக்கு. இலைய வச்சு அடைச்சா வேற என்ன ஆவும்?" ஜைனம்புவின் பக்கம் திரும்பினார். "சிம் ஸ்லாட்டுதான். வேற போர்டுலருந்து எடுத்து மாத்தணும்."

"எவ்வளவு நேரமாவும்?" என்றாள் மாடத்தி.

"பொழுது சாயுததுக்குள்ள முடிச்சுரலாம்."

மாடத்தி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் நன்றாக இல்லை.

"அவ்வளவு நேரம் தாங்காதே அண்ணாச்சி. ஆவுடை போனு அடிப்பா."

"ஆவுடை யாரு?" என்றாள் ஜைனம்பு.

பீடிக் கடையில் மாடத்தியும் ஆவுடையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்கள். அன்றைய கட்டு முடிந்ததும் கத்தரியால் தகர டப்பாவில் ஒரு தட்டு தட்டுவாள் ஆவுடை. நான் முடித்துவிட்டேன், நீ? என்று அர்த்தம். மாடத்தி முடித்ததும் பதிலுக்கு ஒரு தட்டு. பிறகு இருவரும் சேர்ந்து எழுந்து போவார்கள்.

ஆவுடை மகனோடு திருப்பூருக்குப் போனாள். டப்பா இங்கே கிடந்தது. தட்டுவது நிற்கவில்லை. சாயங்காலமானால் அங்கிருந்து ஒரு மிஸ்டு கால் வரும். இங்கிருந்து ஒரு மிஸ்டு கால் போகும்.

அது பேச்சுக்குக் காசு ஓடிய காலம். வீட்டுக்கு வீடு ஒரு மிஸ்டு கால் பாஷை இருந்தது. பஸ் இறங்கியாச்சு என்றால் ஒரு மணி அடித்து நிற்கும். கூப்பிட ஆள் வரவேண்டும் என்றால் இரண்டு. தெரியாமல் எடுத்துப் பேசிவிட்டால் வீட்டில் திட்டு விழும். எனக்கு அந்த நாட்கள் இன்னும் பிடித்திருக்கின்றன. இப்போது எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆவுடையும் மாடத்தியும் மட்டும் பழைய பாஷையை விடவில்லை.

"இன்னைக்கு அவளுக்கு நெஞ்சுல ஆப்பரேசன்" என்றாள் மாடத்தி. "கோயமுத்தூருல. காலைலயே உள்ள கொண்டு போயிருப்பாவ. கண்ணு முழிச்சதும் ஒரு மணி அடிக்கேன்னு சொல்லியிருக்கா. மத்தியானத்துக்கு மேல ஆவுமாம்."

"நீங்களே போட்டுக் கேட்டுர வேண்டியதுதான?" என்றார் தேவசகாயம்.

"அவ மவன் எடுத்துட்டா?"

அவருக்குப் புரியவில்லை.

"போனு அவன் கைலதான் இருக்கும் அண்ணாச்சி. ஒரு மணி அடிச்சு நின்னா ஆவுடை. நிக்காம அடிச்சா அவன்..."

தேவசகாயம் சட்டைக் கையை மடித்துவிட்டார். "இன்னைக்காவது அந்த அயர்னக் குடும்மா. ஸ்லாட்டு என் பொறுப்பு."

ஜைனம்பு அயர்னை எடுக்கவில்லை. மேசையில் கிடந்த மாடத்தியின் சிம்மை எடுத்துப் புடவையில் துடைத்தாள். தன் போனைத் திறந்தாள். ஊரிலுள்ள டச் போனையெல்லாம் பழுது பார்க்கிறவளின் சொந்தப் போன், பட்டன் போன்தான். அதிலிருந்த தன் சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, மாடத்தியின் சிம்மைச் செருகினாள்.

'சிம் கார்டைச் செருகவும்' என்றது திரை.

கழற்றித் துடைத்து மறுபடி செருகினாள். மறுபடியும் அதையே சொன்னது.

"தேஞ்ச சிம்மு. பிடிக்காது" என்றார் தேவசகாயம்.

ஜைனம்பு மாடத்தியிடம் கையை நீட்டினாள்.

"இலை இருக்கா?"

மாடத்தி இடுப்புப் பையிலிருந்து ஓர் இலையை எடுத்து, நகத்தாலேயே கிள்ளி, இரண்டாக மடித்துக் கொடுத்தாள்.

"ஏம்மா, இப்பத்தான அந்தப் பொம்பளைய வஞ்சேன்" என்றார் தேவசகாயம். "ஒன் போனும் பாழாப் போவும்."

"போவட்டும்."

இலையை வைத்து அழுத்தி மூடினாள். சிக்னல் கோடு ஒன்று எழுந்தது. பிறகு இரண்டு. போனை மாடத்தியின் மடியில் வைத்துவிட்டு, தானும் படியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்ப இந்த ஸ்லாட்டு?"

"அது எங்கயும் போயிராது அண்ணாச்சி."

தேவசகாயத்துக்கு எரிச்சலாக இருந்தது. உடைந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முனகினார். யாரும் காதில் வாங்கவில்லை. போனைக் கீழே வைத்தார்.

கடைக்கு ஒருவன் சார்ஜர் கேட்டு வந்தான். நாளைக்கு வா என்றாள் ஜைனம்பு. ஆலங்குளம் பஸ் வந்து போனது. மாடத்தி மடியைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் விரல்கள் வெறுங்கையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தன. தேவசகாயம் அந்த விரல்களையே பார்த்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது, அவரும் படிக்கு வந்துவிட்டார்.

வெயில் எதிர்க் கடைச் சுவரில் ஏறியபோது போன் ஒலித்தது.

திரையில் ஆவுடை என்று வந்தது. மகன் அடித்தாலும் அந்தப் பெயர்தான் வரும்.

மாடத்தி எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஜைனம்பு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மணி முடிந்தது.

இரண்டாவது மணி வரவேண்டிய இடத்தில் பஸ் நிறுத்தத்து இரைச்சல்தான் கேட்டது.

மூவரும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். பிறகும் ஒன்றும் வரவில்லை.

மாடத்தி கண்ணைத் திறந்தாள். பச்சைப் பொத்தானை அழுத்தி, ஒரு மணி போகவிட்டு, வெட்டினாள்.

"முடிச்சுட்டா" என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

பிறகு எழுந்து சேலையை உதறினாள். "ஒன் போன நாளைக்குக் கொண்டாரேன் தாயி. அந்த ஒடஞ்சத மெதுவாவே பாருங்க." அவள் தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜைனம்பு உள்ளே போய் விளக்கைப் போட்டாள். உடைந்த போனை மேசை நடுவில் வைத்தாள்.

"கோளாறு என்ன அண்ணாச்சி?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பது வருசம் எங்க லைன் கட்டானாலும் ஓடுனவன்மா நான். கட்டாவக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிடுவேன்." கண்ணாடியை மறுபடி துடைத்தார். "இன்னைக்குத்தான் ஒரு மணியில கட்டாவணும்னு மாதாவ வேண்டுனேன்."

ஜைனம்பு பிரஷ்ஷை எடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டு, சால்டரிங் அயர்னின் பிடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார்.

"நாளைக்குப் பாக்கேன்மா" என்றார். "கை ஆடுது."